ஓர் ஆய்விதழின் 35 ஆண்டுகளை எண்ணப் போய்…

பிஎச்டி வாய்மொழித் தேர்வான வைவா முடிந்து எட்டு நாள் ஆகிறது. மனசு இப்போதுதான் லேசாகியிருக்கிறது. லைப்ரரி சயின்ஸில் பிஎச்டி செய்பவர்கள், குறிப்பாக ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணி ஆராயும் சயின்டோமெட்ரிக்ஸ் பக்கம் போகிறவர்கள், நான் பட்ட பாட்டில் பாதியையாவது தவிர்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். அதற்கு உதவும் விஒஎஸ்வியூவர், பிப்லியோமெட்ரிக்ஸ் போன்ற மென்பொருள்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விளக்கப் போவதில்லை.

என் தலைப்பு, நினைவு, கவனம் போன்றவை மூளையில் எப்படி நடக்கின்றன என்பதை ஆராயும் ஜர்னல் ஆஃப் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் என்ற இதழில் 1989 முதல் 2023 வரை எந்த ஆய்வுப் பொருள்கள் ஏறின, எவை இறங்கின என்பது. மூளை ஆய்வாளர் மைக்கேல் கசானிகா தொடங்கிய இதழ். எம்ஐடி பிரஸ் வெளியிடுகிறது. மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்த காலம் முழுவதும் இந்த இதழும் கூடவே வந்திருக்கிறது. அதனால்தான் பிடிவாதமாக இதையே எடுத்தேன். "ஒரே ஜர்னல்தானே, ஆறு மாசத்துல முடிச்சுடலாம்" என்றார் கைடு மேடம். இரண்டு வருடம் ஆனது.

முதல் அடி டேட்டா எடுக்கும்போதே விழுந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில், கட்டுரை விவரங்களும் மேற்கோள்களும் கிடைக்கும் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற டேட்டாபேஸின் சந்தா முடிந்து, புதுப்பிக்கவில்லை. நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் வேறொரு நிறுவனத்து நூலகத்தில் வெளி ஆட்களை அனுமதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேடமிடம் கடிதம் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். கவுன்டரில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எச்ஓடி சீல் எங்கம்மா?"

"கைடு சைன் இருக்கே சார்."

"சைன் யார் வேணாலும் போடலாம். சீல் வேணும்."

போன் போட்டுத் தருகிறேன் என்றேன், ஸ்கேன் செய்து இப்போதே மெயிலில் அனுப்பச் சொல்கிறேன் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு உள்ளே காலே வைக்காமல் திரும்பினேன். வெளி நூலகத்துக்குப் போகிறவர்கள் கைடு கையெழுத்து, துறைத்தலைவர் சீல், அடையாள அட்டை நகல் மூன்றையும் இரண்டிரண்டு செட் கொண்டுபோங்கள். இரண்டாவது செட்டை உள்ளே கம்ப்யூட்டர் பிரிவில் கேட்பார்கள்.

அடுத்த வாரம் சீலோடு போனேன். மேற்கோள் விவரங்களோடு முழுப் பதிவும் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 500 பதிவுதான் (ஒரு கட்டுரைக்கு ஒரு பதிவு) இறங்கும். வெளி ஆட்களுக்கு ஒரு மணி வரைதான் நேரம், பென் டிரைவ் அனுமதி கிடையாது. அவசரத்தில் இறக்கி, எனக்கே மெயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் திறந்து பார்த்தால் 1501 முதல் 2000 வரை இரண்டு தடவை இருக்கிறது, 2001 முதல் 2500 வரை இல்லவே இல்லை. அந்த ஒரு கோப்புக்காக மூன்றாவது முறை எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் உள்ள எண்களையே பெயராக வையுங்கள். அந்த மேஜையை விட்டு எழுவதற்கு முன்னால் கடைசிக் கோப்பு வரை சரிபாருங்கள்.

அப்புறம்தான் பெரிய அடி. ஆண்டு வாரியாகக் கட்டுரை எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டேன். நடுவில் சில வருடங்கள் மலை மாதிரி எழும்பி நின்றன. சந்தோஷமாக இருந்தது. "அபாரமான வளர்ச்சி" என்று ஒரு பத்தி எழுதினேன். ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கும் டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்கில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டுரையாக ஓர் இதழுக்கு அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து நிராகரிப்பு வந்தது. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: மாநாட்டுச் சுருக்கங்களை நீக்கினீர்களா?

நீக்கவில்லை. காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் சொசைட்டியின் ஆண்டு மாநாட்டில் வைக்கப்படும் போஸ்டர்களின் சுருக்கங்களை இந்த இதழ் பல ஆண்டுகள் துணை இதழாக வெளியிட்டிருக்கிறது. டேட்டாபேஸில் அவை ஒவ்வொன்றும் தனிப் பதிவு. ஆவண வகையில் 'மீட்டிங் ஆப்ஸ்ட்ராக்ட்' என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவற்றை எடுத்ததும் மலை மொத்தமும் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்த ஏற்றத்திலும் பெரும் பங்கு, காலாண்டிதழாகத் தொடங்கியது பிறகு மாத இதழாக ஆனதால் வந்தது. நான்கு மாதம் காத்திருந்தது கூடப் பரவாயில்லை. தவறான ஒரு வரைபடத்தைத் துறை முழுக்கக் காட்டிவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு எதையும் நம்பும் தைரியம் போய்விட்டது. ஆய்வுப் பொருள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு உளவியல் துறையில் இருக்கும் ஓர் அக்காவிடம் போனேன். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி ஆய்வு செய்கிறவர். ஒரு சொல் எவ்வளவு அதிகம் வருகிறதோ அவ்வளவு பெரிய வட்டம். திரையில் 'கார்டெக்ஸ்', 'ஆக்டிவேஷன்' என்று பெரிய பெரிய வட்டங்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சொல்லெல்லாம் எங்கேயிருந்து எடுத்தே?" என்று கேட்டார். கீவேர்ட்ஸ் பிளஸ் என்றேன்.

நான் எடுத்த பதிவுகளில் ஆசிரியர் தரும் குறிச்சொற்களுக்கான நிரல் காலியாகக் கிடந்தது, அதனால் பக்கத்தில் இருந்ததை எடுத்திருந்தேன். கீவேர்ட்ஸ் பிளஸ் என்பது கட்டுரையிலிருந்து வருவதே இல்லை. அந்தக் கட்டுரை மேற்கோள் காட்டிய மற்ற கட்டுரைகளின் தலைப்புகளில் அடிக்கடி வரும் சொற்களைக் கணினியே பொறுக்கிக் கொடுப்பது. "அப்போ இது இவங்க எழுதினது இல்லம்மா, இவங்க படிச்சது" என்றார் அக்கா. நூலக அறிவியல் படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, தலைப்பிலும் சுருக்கத்திலும் இருந்தே சொற்களை எடுப்போம் என்று மறுபடி ஆரம்பித்தேன். அங்கே இன்னொரு ஓட்டை: வெப் ஆஃப் சயின்ஸில் சுருக்கங்கள் பொதுவாக 1991-க்குப் பிறகுதான் கிடைக்கும். இதழின் முதல் இரண்டு வருடங்கள் வெறும் தலைப்போடு நின்றன. இதழின் தளத்துக்குப் போய் ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்தேன். மூன்று நாள்தான் ஆனது, பயந்த அளவுக்கு இல்லை.

அதைவிட அதிக நாள் தின்றது, ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக்கும் தெசாரஸ் கோப்பு. எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைக் காந்தத்தால் படம் பிடிக்கும் முறை) ஒரு வட்டம், அதன் முழுப் பெயர் இன்னொரு வட்டம், ஃபங்ஷனல் எம்ஆர்ஐ மூன்றாவது வட்டம். ஒரு தூண்டலுக்கு மூளை காட்டும் மின் அலையான ஈஆர்பியும் அப்படியே. அமெரிக்க எழுத்துக்கூட்டலில் 'பிஹேவியர்' ஒன்று, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் ஒன்று. இவற்றை ஒன்றாக்க 'லேபிள்', 'ரிப்ளேஸ் பை' என்று இரண்டு நிரல் உள்ள ஒரு டெக்ஸ்ட் கோப்பு கொடுக்க வேண்டும். நடுவில் டேப் இருக்க வேண்டும். நான் ஸ்பேஸ் பாரைத் தட்டி வரிசையாக்கியிருந்தேன். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது, மென்பொருள் ஏற்க மறுக்கிறது. ஒரு முழு நாள் போனது. இரவு பதினோரு மணிக்கு ஒரே ஒரு வரியில் ஸ்பேஸை அழித்து டேப் வைத்துப் பார்த்தேன், அந்த வரியைப் பற்றிய முறைப்பாடு நின்றுவிட்டது. எழுந்து போய்த் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

அந்தக் கோப்பில் ஒரு சொல் என்னை நன்றாகவே ஏமாற்றப் பார்த்தது. 'பார்ட்டிசிபன்ட்' என்ற சொல் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. புதிதாக எழும் ஆய்வுப் பொருள் பட்டியலில் மேலே நின்றது. ஆய்வுக்கு உட்படுபவரை முன்பெல்லாம் 'சப்ஜெக்ட்' என்று எழுதினார்கள். 1994-இல் வந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நெறி நூல், அவர்களைப் பங்கேற்பாளர் என்றே குறிக்கச் சொன்னது. என் வரைபடத்தில் ஏறியது அந்தச் சொல் மாற்றம்தான். மாறியது மரியாதை. ஆய்வுப் பொருள் அல்ல. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு நின்ற போக்கு நம்பும்படி இருந்தது. தொடக்கத்தில் மூளைக் காயம்பட்ட நோயாளிகள், பிறகு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன், அப்புறம் எஃப்எம்ஆர்ஐ, பின்னால் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகள். மனித மூளையில் எஃப்எம்ஆர்ஐ முடிவுகள் வெளியானது 1992-இல். 2000-இல் கபேசாவும் நைபெர்கும் இதே இதழில் 275 பெட், எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார்கள். அவ்வளவு வேகம்.

அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைப் பட்டியலைத் தொடும்போதும் கவனம் தேவை. என் பட்டியலில் முதலில் வந்தது 1991-இல் மேத்யூ டர்க், அலெக்ஸ் பென்ட்லண்ட் எழுதிய ஐகன்ஃபேசஸ் கட்டுரை. முகம் என்றதும் 'முகம் அறியும் மூளைப் பகுதி' என்ற குழுவில் அதைப் போட்டு வைத்திருந்தேன். சந்தேகம் வந்து கட்டுரையையே இறக்கிப் படித்தேன். அது கணினி முகங்களை எப்படி அடையாளம் காணலாம் என்பதற்கான கணித முறை. அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பொறியியல்காரர்கள். 2002-இல் ஃபேனும் மற்றவர்களும் எழுதியது கவனத்தை அளக்கும் ஒரு சோதனை. 2007-இல் வந்த ஒயாசிஸ் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மூளைப் படத் தொகுப்பு. மற்றவர்கள் பயன்படுத்துவதால் மேற்கோள் குவிகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'முக்கியக் கண்டுபிடிப்புகள்' என்று தலைப்பு வைத்திருந்தேன். 'அதிகம் பயன்பட்டவை' என்று மாற்றினேன். பட்டியலில் முதல் இருபதையாவது திறந்து படித்துவிடுங்கள்.

திருத்திய கட்டுரையை வேறோர் இதழ் சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டது. ஆய்வேடு சமர்ப்பிப்பு, கருத்துத் திருட்டுச் சோதனை எல்லாம் சிக்கலில்லாமல் போயின.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பட்டியல் இருந்த பக்கத்தைத் திறந்தார். "முதல்ல இருக்கிற பேப்பர் மூளையைப் பத்தினதாம்மா?" என்று கேட்டார். இல்லை சார் என்று ஆரம்பித்து, எப்படிக் கண்டுபிடித்தேன், எந்தக் குழுவிலிருந்து எடுத்தேன் என்று மூன்று நிமிடம் சொன்னேன். அவர் பென்சிலால் ஓரத்தில் ஒரு டிக் போட்டார். கைடு மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தேர்வாளர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.