சிஸ்டரின் சிவப்பு மை

பழைய பெட்டியைக் குடைந்தபோது கான்வென்ட் பள்ளியில் எழுதிய ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் சிஸ்டரின் சிவப்பு மை, ஓர் ஒற்று விடுபட்டாலும் விடமாட்டார், கீழே சாய்ந்த எழுத்தில் "திரும்ப எழுதிக் கொண்டு வா". அப்போது அழுகைதான் வந்தது. இப்போது யோசித்தால், வகுப்பு மொத்தத்தின் நோட்டையும் ராத்திரி ஜெபம் முடிந்த பிறகு உட்கார்ந்து திருத்தியிருக்கிறார், அதுவும் தனக்கென்று காசு எதுவும் வைத்துக்கொள்ளாமல். சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த கன்னியாஸ்திரீகளுக்கு வருமானமெல்லாம் அவர்களுடைய துறவுச் சபைக்குத்தான்.

கன்னியாஸ்திரீகள் மடத்தை விட்டு வெளியே வந்து பள்ளி நடத்தும் இந்த வழி லேசில் வந்ததில்லை. இங்கிலாந்துக்காரரான மேரி வார்ட் 1609இல் தொடங்கிய பெண்கள் சபையை, மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடக்க மறுத்ததால், 1631இல் போப்பே கலைத்தார். அப்புறமும் அந்தப் பெண்கள் ஓயவில்லை. அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், கார்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளி திறந்தார் நானோ நேகிள். 1775இல் அவர் தொடங்கியதுதான் பிரசன்டேஷன் சபை.

எங்கள் பள்ளியில் கண்டிப்பு அதிகம்தான், சில நாள் பயந்துகொண்டே போயிருக்கிறேன். ஆனால் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கணக்கு" என்று யாருமே சொல்லாத ஒரே இடம் எனக்கு அதுதான். தலைமை ஆசிரியை, கணக்கு டீச்சர், ஆய்வகச் சாவி, எல்லாம் பெண்கள் கையில்.

நோட்டை மகளிடம் கொடுத்திருக்கிறேன். ஒற்றுப் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.