பின்னால் இருப்பதை மங்கலாக்க ஒரு ஆப்

மேக் வைத்திருப்பவர்கள் ஹேஸ்ஓவர் போட்டுப் பாருங்கள். வேலை செய்கிற விண்டோ மட்டும் பளிச்சென்று இருக்கும். பின்னால் கிடக்கிற வாட்ஸ்அப், மெயில், பாதி படித்த பிடிஎஃப் எல்லாம் மங்கிவிடும். வேறொன்றை கிளிக் செய்தால் வெளிச்சம் அதற்கு மாறும். எவ்வளவு மங்க வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஒரேயடியாக இருட்டாக்காதீர்கள். ஒரு கோப்பைப் பார்த்து இன்னொன்றில் தட்டச்சு செய்யும்போது கடுப்பாகும். எனக்குப் பாதிக்கும் கொஞ்சம் கீழே இருந்தால்தான் சரிப்படுகிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப்தான். விண்டோஸ்காரர்கள் ஒன்றும் நிறுவ வேண்டாமென்றால் விண்டோஸ் பொத்தானோடு ஹோம் பொத்தானை அழுத்துங்கள். முன்னால் இருப்பது தவிர மற்றதெல்லாம் சுருங்கிக் கீழே போய்விடும். அப்புறம், நோட்டிபிகேஷன் சத்தம் இதிலெல்லாம் நிற்காது. அதைத் தனியாக அணைக்கணும்.