பிஎச்.டி. சேரட்டுமா என்று தம்பி கேட்டான்

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்த சித்தி மகன் நேற்று போனில், "அக்கா, பிஎச்.டி. சேரட்டுமா?" என்றான்.

முதலில் பணத்தைத்தான் பேசினேன். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி. கிடைக்காவிட்டால் வீட்டை நம்பித்தான் படிக்க வேண்டும், அதுவும் குறைந்தது 3 வருடம், 6 வருடம் வரைகூட இழுக்கும். எனக்கு ஒருமுறை எட்டு மாதம் உதவித்தொகை வரவில்லை, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது செட் தகுதித் தேர்வு போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2023-இல் சொல்லிவிட்டதால், வேலைக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றேன்.

ஆனால் நெல் வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, ஒரு செல்லுக்குள் பூஞ்சை குட்டி மரம்போல நீலமாகக் கிளைத்து நின்றதே, அந்த மதியத்தை நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன். அதையும் சொன்னேன்.

ஆய்வு வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியரைப் பார்க்கும் முன் அவரிடம் இப்போது படிக்கும் பிள்ளைகளோடு ஒரு டீ குடி, எத்தனை வருடமாக இருக்கிறார்கள், ஞாயிறு லீவு உண்டா என்று கேள் என்றேன். சரி என்றான், திங்கட்கிழமை போகிறான்.