குருத்தோலை காய்கிற காலம்

மார்ச் 5, 2025, புதன்

விபூதிப் புதன், உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் காலைப் பூசைக்கு நிற்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நெற்றியில் பூசிய சாம்பல், போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் கையில் பிடித்து ஓசன்னா பாடிய ஓலைதான். வருடம் முழுக்க அது எங்கள் வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்தது, பச்சை மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, தொட்டாலே உதிரும் என்ற நிலையில் போன கிழமை அம்மா எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலில் எரிக்கக் கொடுத்தார். இன்று அதே ஓலை “நீ மண்ணாயிருக்கிறாய்” என்று என்னிடம் திரும்பி வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இரவில் காற்றே இல்லை. தவக்காலத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் வசந்தத்தில் பகல் நீள்வதிலிருந்து வந்ததாம். கொழும்பில் பகல் எங்கே நீள்கிறது? நமக்குத் தவக்காலம் என்றால் வெக்கைதான், தாகம்தான், அதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது.

இன்றைய நற்செய்தி, காய்க்காத அத்திமரம். இன்னும் ஒரு வருடம் விடுங்கள், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்று தோட்டக்காரர் கெஞ்சுகிறார். எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் மூன்று வருடமாகப் பூக்காமல் நிற்கும் தேசிக்கன்றை, அதாவது எலுமிச்சைக் கன்றைப், பிடுங்கி எறிய இருந்தேன். பூசை முடிந்து வந்ததும் மண்ணைக் கிளறி எரு போட்டேன். எனக்காக எத்தனை முறை ஆண்டவர் அப்படிக் கெஞ்சியிருப்பார் என்று நினைக்கையில் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 7, திங்கள்

சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும் நாள். மதியம் 12 மணி தாண்டிப் பத்து நிமிடம்போல மேலே போய்ப் பார்த்தேன். நட்டமாக நிற்கும் தண்ணீர்க் குழாய்க்கு நிழலே இல்லை. யாக்கோபின் திருமுகத்தில், சோதிகளின் பிதாவிடம் வேற்றுமையின் நிழலும் இல்லை என்று வரும், சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனம். உச்சந்தலை எரிய நின்றபோதுதான் அது உறைத்தது. பூமி திரும்பத் திரும்பத்தானே நிழல் நீள்கிறது! நான் முகம் திருப்பிக்கொண்ட நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு, புது ஓலை வந்துவிட்டது. நாளை புத்தாண்டு, பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா இப்போதே கொக்கிஸ் பலகாரம் தந்துவிட்டார், குயில் விடாமல் கூவுகிறது. பின்னேரம் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சரி, எங்கள் வசந்தம் இதுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று உயிர்த்த ஞாயிறு. இன்று 2019இல் கோயில்களில் குண்டு வெடித்த அந்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அன்று உயிர்ப்பு விழாப் பூசைக்கு வந்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. அதற்கு மழையிலோ மரத்திலோ நான் விளக்கம் தேடப்போவதில்லை. மதியம் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. 2015இல் காலிமுகத்திடலில் இலங்கையில் மறைபணி செய்த யோசேப்பு வாஸ் அடிகளுக்கு அவர் புனிதர் பட்டம் கொடுத்தபோது கடற்காற்றில் நாங்களும் நின்றிருந்தோம்.

தேசியில் இன்னும் பூ இல்லை. ஓலை நுனி மஞ்சளிக்கத் தொடங்கிவிட்டது.