அப்பாவின் சி.இ.ஏ. நோட்டு

கொலனோஸ்கோப்பியில் அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்த வாரம், ஆபரேஷன் தேதி எப்போது கிடைக்கும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. லேபில் வேலை பார்க்கும் சித்தி மகள்தான் கேட்டாள்: "பெரியப்பாவுக்கு சி.இ.ஏ. பார்த்தாச்சாக்கா?" மருத்துவமனையில் எழுதித் தந்திருக்கவில்லை. அந்த ரத்தப் பரிசோதனையை நானே கேட்டு வாங்கினேன். 18.4 வந்தது. புகைபிடிக்காதவருக்கு 5-க்குள் இருக்க வேண்டியது.

சி.இ.ஏ. ஒரு புரதம். 1965-இல் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தது. கரு வளரும்போது குடலில் நிறைய இருக்கும், பிறந்தபின் அடங்கிவிடும். சில புற்றுநோய்கள் அதை மறுபடி சுரக்கும். எல்லாருக்கும் ஏறாது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முந்தைய எண் கட்டாயம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். அது இல்லையென்றால் பின்னால் வரும் எண்களை எதோடு ஒப்பிடுவது?

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து 2.6. கூடியிருந்தது இயல்புக்கு இறங்கியது நல்ல சேதி என்றார் டாக்டர். இறங்காமல் நின்றிருந்தால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று தேடியிருப்பார்களாம்.

ஆபரேஷனில் எடுத்த திசுவின் பயாப்சியில் 17 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்றுநோய் பரவியிருந்தது. மூன்றாம் நிலை. ஆனால் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்.எம்.ஆர். பரிசோதனை அந்த ரிப்போர்ட்டில் இல்லை. மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவை, பிளாக் என்பார்கள், கடிதம் கொடுத்து வாங்கி வேறு லேபுக்கு எடுத்துப்போக எனக்குப் பத்து நாள் ஆனது. பார்ப்பது நான்கு புரதங்களை: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. இவற்றில் ஏதாவது காணாமல் போயிருந்தால் லின்ச் என்னும், புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறாக இருக்கக்கூடும். தம்பிக்கும் எனக்கும் சோதனை தேவைப்பட்டிருக்கும். இரண்டாம் நிலைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: புரதம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக நோய் திரும்புவது குறைவு, கேப்சிடபின் என்னும் கீமோ மாத்திரை மட்டும் கொடுப்பதால் பெரிய பலனும் இல்லை. அப்பாவுக்கு நான்கும் இருந்தன. கேப்சிடபினோடு ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் மருந்தையும் ஏற்றும் கேபாக்ஸ் கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை.

சித்திரை வெயிலிலும் அப்பாவால் பானைத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய நாட்களில் குளிர்ச்சி பட்டால் தொண்டையில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். வெந்நீர்தான்.

மூன்றாவது கீமோவுக்குப் பின் சி.இ.ஏ. 6.3. அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இந்த மருந்து ஓடும்போது எண் தற்காலிகமாக ஏறுவதுண்டு, லேபையும் மாற்றியிருக்கிறீர்கள், முறை மாறினால் எண்ணும் மாறும், ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். கீமோ முடிந்து ஒன்றரை மாதத்தில் பழைய லேபிலேயே எடுத்தோம். 3.1. சி.டி. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு வருஷம் ஆனதும் ஆறு மாதத்துக்கு ஒன்றாக, ஐந்தாம் வருஷம் வரை. போன வாரம் 2.8. தேதியும் எண்ணும் அப்பாவே நோட்டில் எழுதினார்.