முப்பது கிராம் பொடியும் ஒரு மலையும்

மாதவரத்தில் லாரிகள் நிற்கும் தெருவுக்குப் பின்னால் இருந்த, கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதிக்கும் ஒரு கனிம ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மலையில் யாரோ வெட்டியெடுத்த கல் துணிப்பையில் நம்பர் மட்டும் சுமந்து வந்து இறங்கும். எந்த மலை என்று சொல்ல மாட்டார்கள். எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஆனாலும் கல் கொஞ்சம் பேசிவிடும். பால் வெள்ளைக் குவார்ட்ஸில் சாம்பல் நிறக் கீற்று ஓடி, சுத்தியலால் தட்டியதும் பூண்டு வாடை அடித்தால் உள்ளே ஆர்செனோபைரைட் என்ற ஆர்செனிக் கனிமம் இருக்கிறது. கர்நாடகத்தில் கோலார், ஹட்டி பக்கத்துத் தங்கம் பெரும்பாலும் இப்படி சல்ஃபைடுகள் எனும் கந்தகக் கனிமங்களின் துணையோடு வரும். பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைப் பிளவுகளில் ஏறிய வெந்நீர் விட்டுப்போனது. எரிமலை மலைகளின் வெயின், அதாவது பாறைப் பிளவை நிரப்பிய கனிமப் பட்டை, வேறு ரகம். வரிவரியான குவார்ட்ஸ், நடுவே தகடு தகடாகக் கால்சைட்டின் வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கும். வெந்நீர் மேலே வந்து கொதித்த இடம் அது. கொதிக்கும்போது கந்தக வாயு பிரிந்து போக, அதுவரை கரைந்திருந்த தங்கமும் படிந்துவிடும். அங்கே பல சமயம் தங்கத்தைவிட வெள்ளிதான் பல மடங்கு.

ஃபர்னஸைப் பார்த்துக்கொண்டவர் காசிமேட்டு அண்ணன். சவுகார்பேட்டையில் நகை உருக்கும் பட்டறையிலிருந்து வந்தவர், 916 பார்த்துப் பழகிய கண். வந்த புதிதில் என் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, ஒரு டன்னு கல்லுக்கு அஞ்சு கிராமா? எங்க பட்டறைல தரைய பெருக்குனாலே அதுக்கு மேல வரும்." உண்மைதான். பட்டறைக் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் உண்டு.

வேலை அவருக்குப் புதிதில்லை. ஹால்மார்க் சோதனைக்கும் இதே நெருப்புதான். அரைத்த கல் 30 கிராம், லித்தார்ஜ் எனும் ஈய ஆக்சைடு, சோடா, போராக்ஸ், கொஞ்சம் மைதா. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டில் மைதாவின் கரி லித்தார்ஜை ஈயமாக்கும். ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு அடியில் உட்காரும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துத் திரும்பச் சுட்டால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும், ஒரு பொட்டு மிஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். வெள்ளி குறைவாக இருந்தால் அமிலம் உள்ளே நுழையாது என்பதால் நாங்களே முதலில் கொஞ்சம் வெள்ளி சேர்ப்போம். அண்ணன் கிண்ணத்தின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார். மீட்டர் பிறகுதான் ஒத்துக்கொள்ளும்.

எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் கல்லை அரைத்துப் பங்கு பிரிக்கும் பக்கத்து அறை. டன்னுக்கு 5 கிராம் என்றால் என் 30 கிராம் பொடியில் இருக்க வேண்டிய தங்கம் 0.15 மில்லிகிராம். ஒவ்வொரு பக்கமும் 0.2 மில்லிமீட்டர் உள்ள ஒரே ஒரு கனசதுரத் துகள் அந்த எடைக்குச் சரியாகிவிடும். அந்தத் துகள் என் பங்கில் விழுந்தால் மலையில் தங்கம். பக்கத்துப் பங்கில் விழுந்தால் வெறும் கல். இதைத் தீர்மானிப்பது கிரஷரும், கல்லை இரண்டாகப் பிரிக்கும் தகரப் பெட்டியும், அதன் முன்னால் முகத்தில் துணி கட்டி நிற்கும் பையனும்தான். அவனுக்குத்தான் ஆய்வகத்திலேயே குறைந்த சம்பளம். பணக்காரக் கல் அரைத்த பிறகு, தங்கமே இல்லாத குவார்ட்ஸை ஓட்டி மில்லைக் கழுவாவிட்டால் அடுத்த பையிலும் தங்கம் முளைக்கும். மழைக்காலத்தில் இந்த ஊர்க் காற்றிலேயே பொடி கட்டி தட்டிப்போகும். அடுப்பில் உலர்த்தாமல் பிரித்தால் சமமாக விழாது.

எண்ணை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிற வேலை மலையிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. வெயின் வெளியே தலைகாட்டும் இடத்தில் மழை சல்ஃபைடுகளைத் துருவாக்கிக் கரைத்துவிட, தங்கம் தனித்து நிற்கும். அங்கே எடுக்கிற கல் அழகாகத்தான் எண் காட்டும். கீழே போனால் வெயின் ஒரு இடத்தில் உப்பும், ஒரு இடத்தில் விரல் அகலமாகும். நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கத் தங்கத்தைக் காட்டி 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். சில ஆண்டுகளிலேயே சரிந்தது. அதே காலத்தில் கோலாரில் இறங்கியவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். 2001 வரை அந்தச் சுரங்கம் ஓடியது.

ஒருமுறை ஒரே பையின் இரண்டு பங்குகளில் ஒன்று டன்னுக்கு 40 கிராமைத் தாண்டியது, மற்றது 3ஐத் தொடவில்லை. அனுப்பியவர் போனில் பெரிய எண்ணை மட்டும் எழுதித்தரச் சொன்னார். மீதமிருந்த ஒரு கிலோவை அரைத்துச் சல்லடையில் போட்டோம். சல்லடைக்கு மேல் தங்கிய கரடு முழுவதையும் ஒருமுறை, கீழே விழுந்த பொடியை இரண்டுமுறை உருக்கி, எடைப்படி சராசரி எடுத்தோம். சின்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூன்று எண்ணையும் அதே தாளில் அனுப்பினேன்.

"அவுரு இனிமே கல்லு அனுப்ப மாட்டாரு, பாரு" என்றார் அண்ணன். அனுப்பினார், இந்தமுறை பைகள் இரண்டு மடங்கு கனமாக.