‘தாங்கள்’ வைத்த ஆப்பு

நான் எழுதும் ராஜா ராணிக் கதையின் ஏழாம் அத்தியாயத்தை மூன்றாவது முறையாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். கதையில் கோளாறு இல்லை, எல்லாம் இந்தத் ‘தாங்கள்’ செய்த வேலை.

எல்லைக் கோட்டை விழுந்த செய்தியோடு படைத்தலைவன் அரசியிடம் வருகிறான். நான் எழுதியிருந்த வரி: “காவலர்கள் தாங்கள் துரோகம் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள், அரசி.” காவலர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்பது என் கணக்கு. படிக்கக் கொடுத்த நண்பர் கேட்டது: “அரசியை நேருக்கு நேர் துரோகி என்கிறான், இவன் தலை இன்னுமா கழுத்தில் இருக்கிறது?”

அப்போதுதான் உறைத்தது. மரியாதைக்குச் சொல்கிற ‘தாங்கள்’, அவர்களையே திரும்பக் குறிக்கிற ‘தாங்கள்’, இரண்டும் ஒரே சொல். வினைமுற்று பின்னால் வந்தால் பிழைத்தோம். ‘செய்தீர்கள்’, ‘செய்தார்கள்’ என்பதில் ஆள் தெரிந்துவிடும். ‘செய்துவிட்டதாக’ என்று வந்தால் தொலைந்தோம். உட்கார்ந்து தேடினால் இதுவரை எழுதியதில் இப்படிப் பதினோரு இடம்!

முதலில் ஆங்கிலக் கதைகளின் மரியாதைப் பட்ட ஏணியை அப்படியே தமிழில் சாத்தியிருந்தேன். மெஜஸ்டிக்கு மாட்சிமை, ஹைனஸுக்கு மேன்மை, அப்புறம் மாண்பு. படித்துப் பார்த்தால் அரசவை தெரியவில்லை, பாலம் திறப்பு விழா அழைப்பிதழ்தான் தெரிந்தது. இத்தனைக்கும் அந்த ஏணியே நிலையானதில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ராஜாவையே ‘கிரேஸ்’ என்றுதான் அழைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில், எட்டாம் ஹென்றி காலத்தில், ‘மெஜஸ்டி’ மேலே ஏற, ‘கிரேஸ்’ மெல்லக் கீழே இறங்கி டியூக்குகளோடு தங்கிவிட்டது.

அடுத்து ‘நீர்’. குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் ‘வாரும், அமரும்’ என்று பேசட்டும் என வைத்தேன். நண்பர் திருநெல்வேலிக்காரர். “கடைசியில் ஒரு ‘வே’ மட்டும் சேர்த்துவிட்டால் எங்கள் ஊர் டீக்கடை” என்றார். பிடிவாதமாக ‘நீர்’ அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் இன்னும் புழங்குகிற சொல், நாம் ஏன் விட வேண்டும்?

அரசிக்குத்தான் வழி பிடிபடவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இரண்டாவதை எடுத்தேன். (ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசம். தேடித் தருவதாகச் சொன்ன பழைய புத்தகக் கடைக்காரர் ஆறு மாதமாக ‘அடுத்த வாரம்’ என்கிறார்.) அதில் அரசன் சும்மா சொல்வதில்லை, ‘திருவாய் மொழிந்தருளுகிறான்’. சொன்னதைக் கேட்டுக் குறிக்கிற அதிகாரிக்குத் ‘திருவாய்க்கேள்வி’ என்றே பெயர். சரி, மரியாதையைப் பெயரிலிருந்து இறக்கி வினையில் ஏற்றிவிடலாம் என்று, ‘தாங்கள் வாருங்கள்’ இருந்த இடமெல்லாம் ‘அரசி எழுந்தருள வேண்டும்’ ஆக்கினேன். ஒரு பக்கம் ஜோர். மூன்றாம் பக்கம் கற்பூர வாசனை வந்துவிட்டது. இப்போது ஒரு காட்சிக்கு ஓர் ‘அருள்’தான், அதுவும் நிறைந்த சபையில் மட்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தன்னை ‘நாம்’ என்கிறான்: “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்.” அத்தனை பெரிய சக்கரவர்த்தி, குந்தவையைச் சொல்லும்போது ‘அக்கன்’. இதைப் பார்த்துவிட்டு என் இளவரசனின் ‘மூத்த இளவரசியார் அவர்கள்’ மொத்தத்தையும் அடித்தேன். இனி அவனுக்கு அவள் அக்காதான். ஆனால் அந்த ‘நாம்’ எனக்கு ஒத்துவரவில்லை. “நாம் விடியலில் புறப்படுகிறோம்” என்று அரசி சொன்னால் மந்திரியும் மூட்டை கட்ட வேண்டுமா, வேண்டாமா? ‘யாம்’ போட்டுச் சமாளித்திருக்கிறேன். நாடக வாடைதான், என்ன செய்வது.

இத்தனை குடைச்சலுக்கும் நடுவில் ஒன்று மட்டும் பிரமாதமாக அமைந்தது. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனை ‘நீ’ என்றுதான் பாடுகிறார்கள், கூடவே ‘பெருமானே’ என்கிற பொருளில் ஒரு ‘பெரும’. அதனால் என் கதையின் கிழட்டுப் பாணனும் முழுச் சபையில் அரசியை ‘நீ’ என்கிறான். காவலன் கை வாளுக்குப் போகிறது, அரசி சிரிக்கிறாள். இவன் யார் என்று விளக்க ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

ஏழாம் அத்தியாயமே முடியவில்லை, அதற்குள் புத்தி இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றிச் சூடினார்கள் அல்லவா? அதே வழக்கம் என் நாட்டிலும் இருந்தால், அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே பட்டம் வந்ததைப் பார்த்து ஒரு கணக்கப்பிள்ளை நிமிர்வான். நடுவில் யாரோ ஒருவர் ஆண்டிருக்கிறார், பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது. கொலை அங்கிருந்து தொடங்கும்.

படைத்தலைவன் வரி இப்போது இப்படி: “காவலர்கள் தம்மையே துரோகிகளாக நினைக்கிறார்கள், அரசி.” பதினொன்றில் ஏழு சரியாயிற்று. மீதி நான்கும் அரசியின் மாமியார் பேசுவது. அந்தக் கிழவி மருமகளை எப்படி அழைப்பாள் என்று இன்னும் முடிவாகவில்லை.